ஒப்புதலுக்கு நின்ற தூண்

நான் எழுதியவற்றில் அரசாங்கம் பத்திரப்படுத்தி வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். சுதந்திரத்தின் அறுபதாம் ஆண்டைக் கொண்டாட மாநில அளவில் ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதன் கீழ் இயங்கிய திருப்பூர்த் துணைக்குழுவின் கூட்டக் குறிப்புகள் அவை. என் பெயர் அவற்றில் எங்கும் இல்லை. "தேநீருக்குப் பின் கூட்டம் இனிதே நிறைவுற்றது" என்ற வாக்கியம் மட்டும் ஒவ்வொரு கூட்டத்தின் கடைசியிலும் வரும். அது என்னுடையது. எந்தக் கூட்டமும் இனிதே நிறைவுற்றதாக எனக்கு நினைவில்லை. தேநீர் நன்றாக இருந்தது, அதை மறுக்கவில்லை.

அப்போது வீரபாண்டியில், பல்லடம் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். பயோடேட்டா, வாடகைப் பத்திரம், காதணி விழா அழைப்பிதழ் என்று கேட்டதையெல்லாம் அடித்துக் கொடுப்பேன். துணைக்குழுவின் தலைவர் ஒரு பனியன் ஏற்றுமதியாளர். அவருடைய கம்பெனி அலுவலகத்தில் ஐரோப்பாவுக்கு ஆங்கிலத்தில் மெயில் தட்ட ஆள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தமிழில் ஒரு பக்கம் தட்டச்சு செய்ய ஒருவரும் இல்லை. சுதந்திரத்தைப் பற்றிச் சென்னைக்குத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று ஆணையம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

தலைவர் தங்கமான மனிதர். அதுதான் பெரிய தொந்தரவு. கோபப்பட்டுக் கத்துகிறவரோடு நாமும் கத்தலாம். "பண்ணிப்போடலாமுங்க அம்மிணி" என்று சிரித்த முகத்தோடு சொல்கிறவரை என்ன செய்வது? அவர் இல்லை என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. பண்ணிப்போடலாம் என்று சொன்னவற்றில் பாதி இன்னும் அப்படியே கிடக்கிறது.

கூட்டம் அவருடைய கம்பெனி மாடியில் நடக்கும். சுவரோரமாகத் தலையில்லாத பொம்மைகள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நிற்கும். குழு உறுப்பினர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிக்காரர்கள், ஒருவர் சாயப்பட்டறைக்காரர், ஒருவர் அட்டைப்பெட்டி செய்பவர். ஆணையத்திலிருந்து வரும் சுற்றறிக்கையைத் தலைவர் படிப்பார், மற்றவர்கள் சிரத்தையாகக் கேட்பார்கள். ஒருமுறை எல்லாத் துணைக்குழுக்களுக்கும் பொதுவாக ஒரு சுற்றறிக்கை வந்தது. தேசியக் கொடி கட்டிய படகு ஊர்வலம் நடத்தி அறிக்கை அனுப்ப வேண்டும் என்றது அது. கடற்கரை ஊர்களுக்கு எழுதியதை யாரோ எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். குழு அப்படி நினைக்கவில்லை.

"நொய்யல் ஆத்துல தண்ணியில்லீங்களே" என்றார் ஒருவர்.

"தண்ணி இருக்குதுங்க. என்ன கலர்ல இருக்கும்னுதான் சொல்ல முடியாது" என்றார் அட்டைப்பெட்டிக்காரர். சாயப்பட்டறைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீர்நிலைகளின் தற்போதைய நிலை கருதி இப்பொருள் ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதினேன். சென்னையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

அதற்கடுத்த கூட்டத்தில்தான் தூண் வந்தது. அறுபதாம் ஆண்டின் நினைவாக ஊரில் ஒரு தூண் எழுப்ப வேண்டும் என்று முடிவானது. ஆண்டுக்கு ஓர் அடி என்று ஆரம்பித்தார்கள். மின்கம்பி இடிக்கும் என்று ஒருவர் சொன்னதும் ஆண்டுக்கு இரண்டு அங்குலமாகக் குறைத்தார்கள். நாட்டின் வயதை இவ்வளவு சுலபமாகச் சுருக்கியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உயரம் முடிவானதும் இடம் தேடினார்கள். ஊரில் ஒவ்வொரு சாண் நிலத்துக்கும் சொந்தக்காரர் இருந்தார், சொந்தக்காரர் இல்லாத இடத்தில் வழக்கு இருந்தது. கடைசியில் எங்கள் தெரு முனையைக் காட்டினார்கள்.

"அங்க பொதுக் கொழாய் இருக்குதுங்க" என்றேன். கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"தெரியுமுங்க அம்மிணி" என்றார் தலைவர், வெகு பிரியமாக. "கொழாய் இருக்குதில்லீங்களா, அதனாலதான் அது கெவருமென்டு எடம்னு உறுதியாச்சு."

எங்கள் தெருவில் சாயம் ஊறிய போர்வெல் தண்ணீர் பாத்திரம் கழுவக்கூட ஆகாது. வாளியில் பிடித்து வைத்தால் ஒரு நாள் வெளுத்த ஊதா, ஒரு நாள் துருப்பிடித்த சிவப்பு. சோறு பொங்குவதும் குடிப்பதும் அந்தத் தெரு முனைக் குழாயில் நாள் விட்டு நாள் வரும் தூரத்து ஆற்றுத் தண்ணீரில்தான். அது போனால் அடுத்த குழாய் பல்லடம் சாலைக்கு அந்தப் பக்கம். அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஷிப்மென்ட்டுக்கு நேரமாகிவிட்டதென்று பறக்கும். இதையெல்லாம் சொன்னேன். எல்லோரும் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். தூண் கட்டும்போது அதன் அடியிலேயே கிரானைட் பதித்துப் புதுக் குழாய் வைத்துவிடலாம் என்று தலைவர் சொன்னார். "குழாயைத் தற்காலிகமாக அகற்றத் தீர்மானிக்கப்பட்டது" என்று நானே என் விரலால் தட்டினேன். தட்டாவிட்டால் வேறு யாராவது பிழையோடு தட்டியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தூணை நேரடியாகக் கட்டியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் அவர்கள் பனியன்காரர்கள். எங்கள் ஊர்த் தொழிலில், சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் சாம்பிளைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் துணியில் கத்தரி வைக்க மாட்டார்கள். அப்ரூவலுக்கு வைத்த சாம்பிளை யாரும் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது, மேலே தூசு படக் கூடாது. நினைவுச் சின்னம் எதுவானாலும் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தது. வேறு ஊர்க்காரர்கள் என்றால் ஒரு வரைபடத்தை அனுப்பியிருப்பார்கள்.

"பேப்பர்ல பாத்து யாருங்க அப்ரூவல் குடுப்பாங்க?" என்றார் தலைவர். "முழு சைஸ்ல சாம்பிள் பண்ணி, அந்த எடத்துலயே நிறுத்தோணும். அப்பத்தானுங்களே ஃபிட் தெரியும்."

ஆக, குழாயைப் பிடுங்கி, குழாய் வாயை அடைத்து, அதன் மேல் பிளைவுட்டில் ஒரு தூண் நிறுத்தினார்கள். கல்யாண மேடை போடும் ஆசாரிகள் செய்தது. மூன்று வர்ணம், நடுவில் சக்கரம், உச்சியில் '60'. கம்பெனி வழக்கப்படி கழுத்தில் ஒரு சாம்பிள் அட்டை கட்டித் தொங்கவிட்டார்கள். ஸ்டைல், கலர், சைஸ் எல்லாம் எழுதியிருந்தது. பையர் என்ற இடத்தில் 'பாரத நாடு' என்று போட்டிருந்தார்கள். மழையில் சாயம் இறங்கக் கூடாதென்று தலைவர் முழுத் தூணுக்கும் பாலிதீன் உறை தைத்து மாட்டச் சொன்னார். எங்கள் தெரு முனையில் பாரத நாடு பாலிபேக்கில் நின்றது.

சுதந்திர தினம் வந்தது. தூணுக்குப் பக்கத்தில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, படம் பிடித்து அனுப்பினோம். ஒப்புதல் வரவில்லை. ஆணையத்திலிருந்து வந்த கடிதம், "அலுவலர் நேரில் ஆய்வு செய்யும்வரை மாதிரியில் எவ்வித மாற்றமும் செய்யலாகாது" என்றது. தீபாவளி வந்தது. அலுவலர் வரவில்லை.

என் பக்கத்து வீட்டில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அக்கா ஒருவர் இருந்தார். தலைவரின் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் பனியன்களை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, கோணல் தையல் எங்கிருந்தாலும் அங்கே ஒரு சிவப்பு ஆரோ ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். விரல்நகம் அளவு அம்பு அது. நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை. முட்டி இரண்டும் வீங்கியிருக்கும். அந்த முட்டியோடு ஷிஃப்ட் முடிந்து வந்து, குடத்தை எடுத்துக்கொண்டு பல்லடம் சாலையைக் கடப்பார்.

ஒரு சாயங்காலம் நான் சென்டர் வாசலில் நின்றிருந்தேன். அக்கா நிறைகுடத்தோடு சாலையின் பாதிக்கு வந்துவிட்டார். முட்டி மடங்கிவிட்டது போலிருக்கிறது, அப்படியே உட்கார்ந்துவிட்டார். லாரி போட்ட பிரேக்கில் ரப்பர் நாற்றம் அடித்தது. குடம் உருண்டு சக்கரத்தடியில் போய்த் தகடாகிவிட்டது. ஓடிப்போய்த் தூக்கினேன். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அழுகைதான் நிற்கவில்லை.

"கொடம் போச்சேன்னு அழுவல தாயி" என்றார். "நடு ரோட்டுல உக்காந்திருக்கேன், எந்திரிக்க வரல. செத்தேன்னே நெனச்சேன். ஒரு கொடம் தண்ணிக்கா?"

எனக்கு வந்தது பயமா ஆத்திரமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன், குரலை உயர்த்தியே சொன்னேன். தலைவரின் முகம் வாடிவிட்டது. உண்மையாகவே வருந்தினார். அன்றே டிராக்டரில் தண்ணீர் அனுப்பினார். மறுநாளும் வந்தது. பிறகு ஷிப்மென்ட் நெருக்கடியில் டிராக்டர் துணி ஏற்றப் போய்விட்டது.

"தூணை எடுத்துப்போட்டு கொழாயை மாட்டிருங்க" என்றேன்.

"அப்ரூவலுக்கு நிக்கற பீஸுங்க அம்மிணி. அதுல எப்புடீங்க கை வெக்கிறது?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. கோவிலில் செருப்போடு நுழையச் சொன்னால் எப்படி விழிப்பாரோ அப்படி விழித்தார். "பொதுமக்களின் குடிநீர்த் தேவை குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது" என்று அன்றைய குறிப்பில் இருக்கிறது.

ஒருவழியாகச் சென்னையிலிருந்து அலுவலர் வருவதாகக் கடிதம் வந்தது. நான் அக்காவிடம் சொன்னேன். அவர் என்னைப் போலச் சந்தோஷப்பட்டுவிடவில்லை.

"வந்து சரின்னு சொன்னா, கொழாய் எப்பம் வரும்?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். சரி என்றால் நிதி கேட்க வேண்டும், டெண்டர் விட வேண்டும், கான்கிரீட் தூண் கட்ட வேண்டும், பிறகு கிரானைட், பிறகு குழாய். "அடுத்த வருஷமோ அதுக்கு அடுத்த வருஷமோ" என்றேன்.

"வேண்டாம்னு சொல்லிட்டா?"

"அப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்க்கா. அந்தாளுக்குத் தூணைப் பத்தி என்ன தெரியும்?"

"அவரு சொல்லாண்டாம்" என்றார் அக்கா. "எங்க மொதலாளி சொல்லட்டும்."

எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆய்வு நாளன்று காலை, ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் தெரு முனையில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்குச் செக்கிங் வேலைதான். சாப்பாட்டுப் பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் சுருள் கிடக்கும். பாலிதீன் உறையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பெனியில் பனியனைப் பார்க்கிற மாதிரியே தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆணித்தலை தெரிந்த இடம், பெயிண்ட் வழிந்த இடம், ஒரு பக்கக் காவிக்கும் மறுபக்கக் காவிக்கும் நிறம் மாறிய இடம், ஆறுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே சரிந்த இடம், ஒவ்வொன்றிலும் ஓர் அம்பு. பொய்யாக ஒன்றுகூட ஒட்டவில்லை, தேவையும் இருக்கவில்லை. உச்சியை எட்ட முடியாததால் ஒரு பெண் இன்னொருத்தியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். பிறகு உறையை இழுத்துவிட்டு எல்லோரும் கம்பெனிச் சங்கு ஊதுவதற்குள் வேலைக்கு ஓடிவிட்டார்கள்.

மதியத்துக்கு முன் அலுவலர் காரில் வந்தார். சால்வை, இளநீர், அறிமுகம் எல்லாம் முடிந்தது. வேலைக்குப் போகாத பெண்கள் காலிக் குடங்களோடு ஓரமாக நின்றார்கள். தலைவர் தன் கையாலேயே உறையைக் கழற்றினார். கழற்றிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

தூண் முழுக்கச் சிவப்பு அம்புகள். அலுவலர் அண்ணாந்து பார்த்து, "அலங்காரம் வித்தியாசமாக இருக்கிறதே" என்று தன் கேமராவில் படம் பிடித்துக்கொண்டார். குழு முழுவதும் தூணைச் சூழ்ந்துவிட்டது. ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஷேடு வேரியேசனுங்க" என்றார். "இங்க வந்து பாருங்க, அளவே அவுட்டு" என்றார் இன்னொருவர். நிறத்தைப் பற்றிச் சாயப்பட்டறைக்காரர் ஏதோ சமாதானம் சொல்லப் போனார், யாரும் கேட்கவில்லை. அட்டைப்பெட்டிக்காரர் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். நாட்டையும் ஆணையத்தையும் மறந்துவிட்டு, குறை கண்டு கழித்துத் தள்ளும் பழக்கத்தில் முழுகிப் போனார்கள். தலைவர் முகம் சிவந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ரிஜெக்ட். தூக்குங்க இதை" என்றார்.

"நான் இன்னும் ஒப்புதல் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே" என்றார் அலுவலர்.

"நீங்க சொல்ற வரைக்கும் இந்தப் பீஸை உங்க முன்னால நிறுத்தி வெச்சிருந்தா என்ற பேரு என்னங்க ஆகறது? வேற சாம்பிள் போட்டுத் தர்றேனுங்க. இது வேண்டாம், இது நம்ம சரக்கே இல்லீங்க."

கம்பெனி வேனில் தூணை ஏற்றினார்கள். அது நின்ற இடத்தில் அடைத்து வைத்த குழாயின் முனை மட்டும் மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தது. இது என்ன என்று அலுவலர் கேட்டார். தலைவர் ஓரத்தில் நின்ற குடங்களைப் பார்த்தார். "தண்ணிக் கொழாயிங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. அன்று சாயங்காலமே கம்பெனியின் பிளம்பர் வந்து குழாயை மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் குறிப்பைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது தலைவர் பக்கத்தில் வந்து நின்றார். கையில், தூணடியில் கிடந்த, உரிக்காத ஓர் ஆரோ ஸ்டிக்கர். அதன் பின்புறத் தாளில் அவருடைய கம்பெனியின் முத்திரை இருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"செக்கிங் சுத்தமா பண்ணியிருக்காங்க" என்றார். பிறகு, "தூணைத் தூக்குனதையும் கொழாய் மாட்டுனதையும் மினிட்ஸ்ல ஏத்த வேண்டாமுங்க அம்மிணி. அதுக்கும் அப்ரூவல் வாங்குனீங்களான்னு கேப்பாங்க" என்றார். அவர் சொன்னதிலேயே புத்திசாலித்தனமான யோசனை அதுதான். தேநீருக்குப் பின் கூட்டம் இனிதே நிறைவுற்றது என்று முடித்தேன். புது சாம்பிள் தயாராகும் முன்பே ஆணையத்தின் ஆயுள் முடிந்துவிட்டது.

சில வருடம் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவி என் சென்டருக்கு வந்தாள். அரசு விழாக்கள் பற்றி ஆய்வு செய்கிறாளாம். சென்னை ஆவணக் காப்பகத்தில் எடுத்த நகல்களைத் தட்டச்சு செய்து தர வேண்டும் என்றாள். புரட்டினால் என் வாக்கியங்கள், என் தேநீர். கடைசியில் ஆணையத்தின் நிறைவறிக்கை இருந்தது, அதில் அலுவலர் எடுத்த புகைப்படம். அதன் கீழே இப்படி இருந்தது: 'வீரபாண்டிப் பகுதியில் எழுப்பப்பட்ட நினைவுத் தூண். பொதுமக்கள் தாமே முன்வந்து பதித்த அம்புக்குறிகள், அறுபது ஆண்டுகளில் நாடு முன்னேறிய திசைகளைக் காட்டுகின்றன. தூண் சிறப்பாகப் பராமரிக்கப்பட்டு வருகிறது.' அம்புகள் மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன. அதில் பொய் இருப்பதாக எனக்குப் படவில்லை.

தூணைப் பார்க்க வேண்டும் என்று மாணவி ஆசைப்பட்டாள். தெரு முனைக்குக் கூட்டிப்போனேன். தண்ணீர் வரும் நாள். அக்கா குழாயடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து குடம் பிடித்துக்கொண்டிருந்தார். மாணவி அறிக்கையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்த இடத்தில் தூண் இருக்கிறது, குழாய் அகற்றப்பட்டுவிட்டது என்றல்லவா ஆவணத்தில் இருக்கிறது?" என்றாள். இது தவறான வரலாறு, காப்பகத்துக்குத் திருத்தம் எழுதிப் போட வேண்டும் என்று படபடத்தாள்.

"என்னட்டி சொல்லுது இந்தப் புள்ள?" என்று அக்கா என்னைக் கேட்டார். சொன்னேன்.

அவர் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டார். குடம் நிரம்பி வழிந்து முட்டியை நனைத்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"அவுக பேப்பர்ல தூணு நல்லா நிக்கட்டும் தாயி" என்றார் மாணவியைப் பார்த்து. "திருத்தச் சொல்லிராத. பேப்பரத் திருத்த மாட்டாவ. கொழாயத்தான் திருத்த வருவாவ."

மாணவி என்னைப் பார்த்தாள். நான் சென்டருக்குத் திரும்பி, அந்தப் பக்கத்தை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் தட்டச்சு செய்து கொடுத்தேன்.